முள்ளில் கட்டிய பூச்சி

1910-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இரண்டு புத்தகங்கள் வெளிவந்தன. டிரவுட் மீனுக்கு முள்ளில் கட்டிய எந்தப் போலி ஈயைக் காட்டினால் வாயைத் திறக்கும் என்பதுதான் இரண்டுக்கும் கேள்வி. ஒன்றை எழுதியவர் ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்ட். நீரின் மேல் மிதக்கும் ஈயை விட்டால்தான் அது தூண்டில்; மற்றதெல்லாம் முறைகேடு என்று நம்பியவர். தெற்கு இங்கிலாந்தின் ஆற்றுப் பூச்சிகளைப் பல ஆண்டுகள் உட்கார்ந்து அச்சு அசலாக நகலெடுத்து, கடைசியில் 33 வகை ஈக்கள் போதும் என்ற முடிவுக்கு வந்திருந்தார். இன்னொன்றை எழுதியவர் ஜி.ஈ.எம். ஸ்கூஸ் என்ற வழக்கறிஞர். மிதக்கும் ஈயைச் சட்டை செய்யாத மீன், அதே இடத்தில் நீர்ப்பரப்புக்குச் சற்றுக் கீழே நனைந்து வரும் ஈயை எடுத்துக்கொள்வதை இட்சன் ஆற்றில் பார்த்து, பார்த்ததை எழுதினார்.

ஹால்ஃபோர்ட் 1914-ல் இறந்துபோனார். சண்டை சாகவில்லை. 1938-ல் லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப் இதற்கென்றே ஒரு விவாதக் கூட்டம் நடத்தியது. கட்சி கட்டியவர்கள் தூண்டில் நெறிமுறை பற்றிப் பேசினார்கள். அறிவியல் மாணவருக்கு அந்தச் சண்டையில் வேறொரு விஷயம் தெரியும்: ஹால்ஃபோர்ட் பூச்சியைப் பார்த்து ஈ கட்டினார், ஸ்கூஸ் மீனின் வயிற்றைப் பார்த்து ஈ கட்டினார். பிடித்த மீனின் இரைப்பையில் இருப்பதை நீளக் கரண்டியால் வழித்தெடுத்து, தட்டில் நீர் ஊற்றிப் பரப்பிப் பார்ப்பது அவர் வழக்கம்.

புதிதாகக் கற்க வருபவரைக் குழப்புவது இன்றைக்கும் இதே இடம்தான். கடையில் ஆயிரக்கணக்கான ஈக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அவற்றில் எது அழகு, எது தத்ரூபம் என்று நம் கண்ணால் தேடினால் முடிவே கிடைக்காது. மீனின் கண்ணுக்கு எது முதலில் படும், எது கடைசியில் படும் என்ற வரிசை தெரிந்துவிட்டால் ஒரு சின்ன டப்பாவுக்குள் எல்லாம் அடங்கிவிடும். அந்த வரிசை இது: ஆழம், நகர்வு, அளவு, உருவம், நிறம்.

எடையில்லாத இரை

நம் ஊர்த் தூண்டிலில் முள்ளில் மண்புழு இருக்கும், மேலே தக்கை இருக்கும், எறிவதற்கு ஈயக்குண்டின் எடை இருக்கும். டிரவுட் ஈயில் இவை எதுவும் இல்லை. சின்ன முள்ளில் நூலைச் சுற்றி, இறகும் மயிரும் வைத்துக் கட்டியதுதான் ஈ. அதற்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. அதனால் எறிவதற்கான எடையைத் தூண்டில் நரம்பிலேயே வைத்துவிடுகிறார்கள். தடித்த நரம்பைக் கம்பின் வீச்சால் காற்றில் முன்னும் பின்னும் விரித்துச் செலுத்த, அதன் நுனியில் கட்டிய மெல்லிய நைலான் இழையோடு ஈ போய் இறங்கும்.

இந்த வித்தை பழசு. மாசிடோனியாவின் ஆறு ஒன்றில் முள்ளில் சிவப்புக் கம்பளி நூல் சுற்றி, சேவல் இறகு கட்டி மீன் பிடித்தார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் ஈலியன் ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். ஆற்றில் திரியும் பூச்சியை முள்ளில் குத்த முடியாது. கை பட்டாலே நசுங்கிவிடும். அதனால்தான் போலி தேவைப்பட்டது.

கல்லைப் புரட்டினால்

ஈயைத் தேர்ந்தெடுக்கும் வேலை கடையில் தொடங்குவதில்லை. ஆற்றில் முழங்கால் நீரில் தொடங்குகிறது. ஓடும் நீரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கல்லை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு கல்லின் நிறத்திலேயே ஏதோ ஊரும்.

தட்டையாக, கல்லோடு ஒட்டி, பக்கவாட்டில் விறுவிறுவென நகர்ந்தால் அது மேஃப்ளையின் இளம்பூச்சி. வால் பெரும்பாலும் மூன்று இழை. வயிற்றின் இரு பக்கமும் இலை போன்ற செவுள்கள் துடித்துக்கொண்டிருக்கும். வால் இரண்டே இழையாக, ஒவ்வொரு காலிலும் இரண்டு நகங்களோடு, செவுள் வயிற்றில் இல்லாமல் கால்களின் அடியில் இருந்தால் அது ஸ்டோன்ஃப்ளை. கல்லில் ஒட்டிய மணல் குழாய் ஒன்று தெரிந்து, அதன் வாயிலிருந்து ஒரு கருத்த தலை எட்டிப் பார்த்தால் அது கேடிஸ் புழு. தன் வாயில் சுரக்கும் பட்டு இழையால் மணலையும் குச்சியையும் கோத்துத் தனக்கு வீடு கட்டிக்கொள்ளும் உயிர் அது. கல்லடியில் உள்ள சேற்றில் நூல் துண்டு போலச் சுருண்டு நெளிவது மிட்ஜ் என்கிற கடிக்காத கொசுவின் புழு.

டிரவுட்டின் சாப்பாட்டில் பெரும்பங்கு இந்த நான்கு வகைகள்தான். நான்கும் வளரும் விதம் வேறு. ஈ தேர்வுக்கு அந்த வேறுபாடுதான் முக்கியம். மேஃப்ளை சில மாதங்கள் முதல் இரண்டாண்டு வரை நீருக்கடியில் இருந்துவிட்டு, மேலே மிதந்து வந்து தோலுரித்துச் சிறகு விரிக்கும். சிறகு வந்த பிறகும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சி உலகில் இது ஒன்றுதான். முதல் சிறகு மங்கல், இரண்டாவது கண்ணாடி போலத் தெளிவு. அதன் பிறகு அது சாப்பிடுவதில்லை, வாய் வேலை செய்யாது; இனம் பெருக்கி, முட்டையிட்டு, நீரில் சிறகு விரித்து விழுந்து சாகும். கேடிஸ் கூட்டுப்புழுவாகி, அதிலிருந்து வெளிவந்து விரைவாக நீந்தி மேலே வரும். ஸ்டோன்ஃப்ளை பெரும்பாலும் கரைக் கல்லில் ஏறித் தோலுரிக்கும். ஆகவே அதன் சிறகு முளைத்த உருவம் நீரில் கிடைப்பது முட்டையிடும் நேரத்தில்தான்.

உட்கார்ந்த நிலையிலேயே இனம் தெரியும். மேஃப்ளை சிறகை முதுகின் மேல் செங்குத்தாக நிறுத்தும். கேடிஸ் கூரை போலச் சரித்து மூடும். ஸ்டோன்ஃப்ளை முதுகோடு தட்டையாக மடக்கும். பிடித்துவைத்துப் பெயர் தேட வேண்டாம். சிறகு நிற்கிறதா, சரிகிறதா, படுத்திருக்கிறதா என்பது போதும்.

மீனின் சன்னல்

நீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால் வானம் எப்படித் தெரியும்? முழுவதும் தெரியாது. காற்றிலிருந்து நீருக்குள் வரும் ஒளி விலகுவதால், மேலே உள்ள 180 பாகை உலகமும் ஏறத்தாழ 97 பாகைக் கூம்புக்குள் நெருக்கப்படுகிறது. மீனின் தலைக்கு மேலே ஒரு வட்டச் சன்னல் திறந்திருக்கும். அதற்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடியாகி ஆற்றின் அடித்தளத்தையே பிரதிபலிக்கும். சன்னலின் விட்டம் மீன் இருக்கும் ஆழத்தைப் போல ஏறக்குறைய 2.26 மடங்கு. 10 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு 23 சென்டிமீட்டர் அகலச் சன்னல்; 30 சென்டிமீட்டரில் நின்றால் 68 சென்டிமீட்டர்.

ஆல்ஃபிரட் ரொனால்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் ஸ்டாஃபர்ட்ஷயரில் பிளைத் ஆற்றின் மேல் குடில் கட்டி டிரவுட்டை உற்றுப் பார்த்து, 1836-ல் எழுதிய நூலில் இந்த ஒளிவிலகலையும் விளக்கியிருந்தார். அதன் முழுப்பொருளையும் தூண்டில்காரர்கள் உணர இன்னும் நீண்ட காலம் ஆயிற்று.

மிதக்கும் பூச்சி ஒன்று ஆற்றோட்டத்தில் மீனை நோக்கி வருகிறது என்று வையுங்கள். சன்னலுக்கு வெளியே இருக்கும்வரை மீனுக்குப் பூச்சி தெரியாது. அதன் ஆறு கால்களும் நீர்ப்படலத்தை அழுத்துகிற இடத்தில், இருண்ட கண்ணாடியில் ஒளிப்புள்ளிகள் மட்டும் மின்னும். மீன் இப்போதே தயாராகிவிடுகிறது. பூச்சி சன்னல் விளிம்பை நெருங்கும்போது முதலில் தெரிவது சிறகின் நுனி. உடலிலிருந்து கழன்றதுபோல விளிம்புக்கு மேலே சிறகு மட்டும் தொங்கும். இன்னும் நெருங்கினால் சிறகும் உடலும் ஒன்று சேர்கின்றன. அதன் பிறகுதான் முழுப்பூச்சி, அதுவும் வெளிச்ச வானத்தின் பின்னணியில் நிழலுருவாக.

ஈ கட்டுபவர்களின் பல வழக்கங்களுக்கு இதில் காரணம் கிடைக்கிறது. முள்ளைச் சுற்றிச் சேவல் கழுத்திறகை விசிறியாகச் சுற்றுவது அந்த ஒளிப்புள்ளிகளுக்காக. இறகின் விறைப்பான நுனிகள் நீர்ப்படலத்தில் கால் பதித்து ஈயை மிதக்கவும் வைக்கின்றன. செங்குத்தான சிறகு, விளிம்பில் முதலில் தெரிவதற்காக. உடலின் நிறமோ பின்னிருந்து வரும் வெளிச்சத்தில் பாதி கரைந்துபோகிறது. மிதக்கும் ஈயில் நிறத்துக்குக் கடைசி இடம் கொடுப்பதற்கு இதுதான் காரணம்.

ஓட்டத்தின் கணக்கு

பென்சில்வேனியாவின் ஸ்ப்ரூஸ் கிரீக் ஓடையில் உயர மேடை அமைத்து, பிரவுன் டிரவுட்டுகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு கவனித்த ராபர்ட் பாக்மனின் ஆய்வு 1984-ல் வெளிவந்தது. மீன்கள் அலைவதில்லை, தங்களுக்கென்று வைத்துக்கொண்ட சில இடங்களில் நின்று, ஓட்டம் கொண்டுவருவதற்காகக் காத்திருக்கின்றன. வருவதில் பூச்சியும் உண்டு, இலைத்துணுக்கும் உண்டு. சந்தேகமானதை வாயில் வாங்கிப் பார்த்துத் துப்பிவிடுவதும் உண்டு. மீனுக்குக் கை கிடையாது.

காத்திருப்பதற்கும் கணக்கு உண்டு. வேகமான நீரில் எதிர்நீச்சல் போட்டால் சாப்பிட்டதைவிடச் செலவு கூடிவிடும். அதனால் கல்லின் பின்னால், வேக நீரும் மெதுநீரும் உரசும் கோட்டின் ஓரத்தில் நின்று, பக்கத்து வேக நீரில் வரும் இரையைக் கொத்தித் திரும்பும். நிற்கும் இடம் தெரிந்தால் ஈ எப்படி இருக்க வேண்டும் என்பதும் தெரியும். குமுறி ஓடும் நீரில் இரை கண்ணில் பட்டு மறைய ஓரிரு நொடிதான். மீன் யோசித்தால் பட்டினி. அங்கே கொஞ்சம் பெரிதாக, மயிர் அடர்ந்து, நன்றாக மிதக்கிற ஈ போதும், தத்ரூபம் தேவையில்லை. கண்ணாடி போல் வழுக்கி ஓடும் மெதுநீரில் மீன் ஈயோடு கூடவே பின்னோக்கி மிதந்து, மூக்கு முட்டப் பார்த்துவிட்டு விட்டுவிடும். அங்கேதான் அளவும் உருவமும் கச்சிதமாக இருக்க வேண்டும். புதிதாகக் கற்பவர் முதலில் குமுறும் நீரில் பழகுவது நல்லது. அங்கே மீன் நம் பிழைகளைக் கவனிக்க நேரமில்லாமல் இருக்கிறது.

ஒரே வகைப் பூச்சி ஏராளமாக மேலே வரும் நேரத்தில் வேறொரு சிக்கல். மீன் அந்த ஒன்றை மட்டுமே எடுத்து, பக்கத்தில் வரும் பெரிய இரையையும் தள்ளிவிடும். டச்சு உயிரியலாளர் லூக் டின்பெர்கன், காட்டுப் பறவைகள் புழுக்களைத் தேடும் விதத்தை ஆராய்ந்தார். அவர் மறைவுக்குப் பின் 1960-ல் அந்த ஆய்வு வெளியானது. ஒரு புழு அரிதாக இருக்கும்வரை பறவை அதைக் காண்பதே குறைவு. பெருகியதும் திடீரென்று எதிர்பார்ப்பதைவிட அதிகம் பிடிக்கிறது. தேடும் உருவம் ஒன்று மனத்தில் பதிந்துவிடுகிறது என்பது அவர் விளக்கம். டிரவுட்டின் பிடிவாதத்துக்கும் இந்த விளக்கம் பொருந்துகிறது.

படலத்துக்கு அடியில்

ஸ்கூஸ் கண்டது என்ன என்பதை இப்போது சொல்லலாம். இளம்பூச்சி மேலே வந்து தோலை உடைத்து வெளியேறும் அந்தக் கொஞ்ச நேரம் அதன் வாழ்க்கையிலேயே ஆபத்தானது. நீர்ப்படலத்தின் இழுவிசை அத்தனை சிறிய உயிருக்கு ஒரு தடிப்பான சவ்வு. பாதி உள்ளே, பாதி வெளியே மாட்டிக்கொண்டு, நீந்தவும் முடியாமல் பறக்கவும் முடியாமல் கிடக்கும். மீனுக்கு இதைவிடச் சுலபமான இரை கிடையாது. கரையில் நிற்பவருக்குத் தெரிவது சுழிக்கும் நீரும் பறக்கும் பூச்சியும். பறப்பதைத்தான் மீன் தின்கிறது என்று நினைத்து மிதக்கும் ஈயைப் போடுவார். மீன் தின்பதோ படலத்துக்குச் சற்றுக் கீழே.

வித்தியாசம் தெரிய ஒரு வழி உண்டு. மீன் எழும்பிய இடத்தைப் பாருங்கள். மூக்கு வெளியே வந்து, பின்னால் ஒரு நீர்க்குமிழி மிதந்தால், மேற்பரப்பில் இருந்ததை எடுக்கும்போது காற்றையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது. குமிழி இல்லாமல் முதுகும் முதுகுத் துடுப்பும் மட்டும் புரண்டால், படலத்துக்குக் கீழே எடுக்கிறது. தெறிப்புடன் துள்ளினால், விரைந்து மேலேறும் கேடிஸைத் துரத்தியிருக்கலாம். எதுவுமே தெரியவில்லையா? மீன் பட்டினி கிடக்கிறது என்று பொருளில்லை. அடித்தளத்தில் தின்றுகொண்டிருக்கிறது, டிரவுட் தன் உணவில் பெரும்பகுதியை நீருக்குள்ளேயே எடுக்கிறது.

ஆறு ஈக்கள்

அந்தச் சின்ன டப்பாவுக்கு இந்த ஆறு போதும். பெயருக்குப் பின் வருவது முள்ளின் எண். எண் கூடக்கூட முள் சிறிதாகும்: 10 பெரியது, 20 பொடி. 16-ஆம் எண் முள்ளின் உடல் சுமார் 7 மில்லிமீட்டர். முள்ளின் எண்ணை மூன்றால் வகுத்தால் நுனி இழையின் எண் வரும் என்பது பொதுவிதி. 16-க்கு 5 எக்ஸ், அதாவது சுமார் 0.15 மில்லிமீட்டர் தடிமன். இழை தடித்தால் ஈ இயல்பாக மிதந்து வராது.

ஒன்று, பெசன்ட் டெயில் நிம்ஃப், 16. நிம்ஃப் என்பது நீருக்கடியில் உள்ள இளம்பூச்சியின் போலி. இங்கிலாந்தின் ஏவன் ஆற்றைக் காவல் காத்த ஃபிராங்க் சாயர் கட்டியது. நூலே கிடையாது, மெல்லிய செம்புக் கம்பியால் பெசன்ட் பறவையின் வாலிறகு இழைகளைச் சுற்றிவிடுவார். கம்பிதான் கட்டு, கம்பிதான் எடை. கால் வைக்கவில்லை, நீந்தும் மேஃப்ளை இளம்பூச்சி கால்களை உடலோடு ஒடுக்கிக்கொள்வதை அவர் ஆற்றில் பார்த்திருந்தார். ஈ மீனின் அருகே வரும்போது கம்பின் நுனியை மெல்ல உயர்த்தினால், மேலேறும் பூச்சியைப் போல ஈயும் எழும்பும். மீன் அந்த அசைவுக்கு மயங்கும்.

இரண்டு, ஹேர்ஸ் இயர், 14. முயலின் முக மயிரைத் திரித்துக் கட்டியது. கலைந்து, சிலிர்த்து, காற்றுக் குமிழ்களைப் பிடித்துக்கொண்டு இருக்கும். மேஃப்ளையா, கேடிஸா, ஸ்டோன்ஃப்ளையா என்று மீனே முடிவு செய்துகொள்ளட்டும். ஆழமான, வேகமான நீரில் தலையில் டங்ஸ்டன் மணி கோத்த வகையை எடுங்கள். டங்ஸ்டன் தண்ணீரைப் போல 19 மடங்கு அடர்த்தி, பித்தளை எட்டரை மடங்குதான். சில நொடிகளில் அடியைத் தொட வேண்டிய இடத்தில் இந்த வேறுபாடு பெரிது.

மூன்று, ஆடம்ஸ், 14 அல்லது 16. மிச்சிகனின் லெனர்ட் ஹாலடே 1922-ல் கட்டிய மிதக்கும் ஈ. பழுப்பும் வரிச்சாம்பலும் கலந்த சேவல் இறகு. எந்தப் பூச்சியின் நகலும் இல்லை. பல பூச்சிகளின் பொதுச்சாயல். நிழலுருவாகப் பார்க்கும் கண்ணுக்கு அதுவே போதும். இறகைக் கிடையாகச் சுற்றிய பாராசூட் வகை, படலத்தில் தாழ்ந்து உட்கார்வதால் மெதுநீருக்கு ஏற்றது.

நான்கு, எல்க் ஹேர் கேடிஸ், 14. அல் டிராத் 1957-ல் பென்சில்வேனியாவில் கட்டியது. எல்க் மானின் மயிருக்குள் காற்றறைகள் உண்டு. குமுறும் நீரிலும் மூழ்காது.

ஐந்து, கிரிஃபித்ஸ் நாட், 20. மயில் தோகையின் இழையும் சேவல் இறகும் மட்டுமே. மிட்ஜ் கூட்டமாக வரும் குளிர்காலத்துக்கு.

ஆறு, வூலி பகர், 8 அல்லது 10. ரஸ்ஸல் பிளெஸிங் 1967-ல் கட்டியது. நீரில் உயிருள்ளதுபோல அசையும் மராபு இறகு வால். அட்டை, குட்டி மீன், கிரேஃபிஷ் என்று எதுவாகவும் தோன்றும். கலங்கிய நீரிலும் ஏரியிலும் இழுத்து இழுத்து விடலாம்.

நம் மலைகளுக்கும் இந்தத் தொழிலுக்கும் உறவு உண்டு. இந்தியாவுக்கே உரிய சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகில் மெழுகு பூசியதுபோல மினுங்கும் புள்ளிகள், விக்டோரியா காலத்துச் சால்மன் ஈக்களின் கன்னத்தை அலங்கரிக்க ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. இன்று அந்தப் பறவை சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. அதே காலனி ஆர்வம் எதிர்த்திசையில் மீனைக் கொண்டுவந்தது. நீலகிரியின் அவலாஞ்சியில் 1907-ல் எச்.சி. வில்சன் முயற்சியில் பொரிப்பகம் அமைந்து, வட அமெரிக்காவின் ரெயின்போ டிரவுட் நம் ஓடைகளுக்குள் வந்தது. இலங்கையின் நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் அப்படியே. நீலகிரி ஓடைகளிலும் கல்லைப் புரட்டலாம். மேஃப்ளையும் கேடிஸும் அங்கும் உண்டு. டிரவுட்தான் அங்கே அந்நியன், உள்ளூர்த் தலைப்பிரட்டைகளையும் சிறுமீன்களையும் தின்று வளரும் அந்நியன் என்பதையும் மறக்கக் கூடாது.

மீன் மறுத்தால்

நாலைந்து முறை சரியாகப் போட்டும் மீன் எடுக்காவிட்டால், டப்பாவைத் திறந்து வேறு நிறம் தேடுவது எல்லோரும் செய்வது. வரிசைப்படி போங்கள்.

முதலில் ஆழம். மேலே எடுக்கும் அறிகுறி இல்லையென்றால் மிதக்கும் ஈயைக் கழற்றிவிட்டு நிம்ஃபைக் கட்டுங்கள். நிம்ஃப் அவ்வப்போது அடித்தளத்தைத் தட்ட வேண்டும். தட்டவே இல்லையென்றால் அது மீனுக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. அடுத்து நகர்வு. கம்பிலிருந்து ஈ வரைக்கும் உள்ள நரம்பு பல வேக நீர்களின் மேல் கிடக்கிறது. இடையில் உள்ள வேகநீர் நரம்பைத் தள்ள, ஈ தன் இடத்து நீரைவிட வேகமாகவோ குறுக்காகவோ இழுபடும். உண்மையான பூச்சி அப்படிப் போகாது. மெதுநீரில் மீன் இதை உடனே கண்டுகொள்ளும். ஒரு இலைத்துணுக்கைப் போட்டுவிட்டு அதே வேகத்தில் ஈயும் போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் ஈயை மாற்றிப் பயனில்லை, நிற்கும் இடத்தை மாற்றுங்கள். அதன் பிறகு அளவு: ஒரு எண் சிறியதைக் கட்டுங்கள். நம் கண்ணுக்கு ஆற்றுப் பூச்சி எப்போதும் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. பிறகு உருவம்: நின்ற சிறகா, சரிந்த சிறகா, படலத்தில் கிடக்கும் சிறகா. நிறம் கடைசி.

ஒரு வெப்பமானியும் பையில் இருக்கட்டும். நீர் 10 முதல் 16 பாகை செல்சியஸ் வரை இருக்கும்போது டிரவுட் நன்றாகத் தின்னும். 20 பாகையைத் தாண்டினால் நீரில் கரைந்த ஆக்சிஜன் குறைந்து அதற்குத் திணறல் வந்துவிடும். அந்நேரத்தில் பிடித்து விட்டுவிட்டாலும் மீன் பிழைப்பது சந்தேகம். கம்பை மடக்கிவிடுவதே சரி. முள்ளின் எதிர்க்கூரை இடுக்கியால் நசுக்கிவிட்டால் கழற்றுவது எளிது. கையை நனைத்துக்கொண்டு தொட்டால் மீனின் மேல் உள்ள வழுவழுப்பு போகாது.

பூச்சிகள் மேலே வருவதைத் தீர்மானிப்பதில் நீரின் வெப்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதனால் ஒவ்வொரு ஆற்றுக்கும் தனி நாட்காட்டி இருக்கிறது. அதைக் கடையில் விற்க முடியாது. போகும் ஒவ்வொரு நாளும் தேதி, நேரம், நீரின் வெப்பம், கல்லடியில் கண்டது, மீன் எடுத்த ஈயின் அளவு ஆகிய ஐந்தையும் குறித்து வாருங்கள். இரண்டு பருவம் எழுதினால், எந்த வாரத்தில் எந்தப் பூச்சி வரும் என்பது அந்தக் குறிப்பிலேயே தெரியத் தொடங்கும். அப்போது ஆற்றுக்குப் போகும் முன்பே ஈயைக் கட்டி வைத்துக்கொள்ளலாம்.